வலி காட்டாத நோயை முன்கூட்டியே அறிவோம்

"நேற்று வரை நன்றாகத்தானே நடமாடினார், டாக்டர்?" டயாலிசிஸ் தேவைப்படுகிறது என்று நாங்கள் தெரிவிக்கும் நாளில், பெரும்பாலான குடும்பத்தினர் கேட்கும் முதற்கேள்வி இதுவே. அவர்கள் கூறுவது உண்மைதான். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. சில பழுதடைந்தால் எஞ்சியவை அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. ஆகவே கால்வீக்கமும் பசியின்மையும் மூச்சிரைப்பும் தோன்றுவதற்குள் பெரும்பகுதி செயலிழந்திருக்கக்கூடும். நோயைக் கவனிக்கவில்லையே என்று உறவினர் எவரும் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆயினும் இந்நோயை முன்பே கண்டறிய வழி உண்டு. சென்னையைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் வாயிலாகத் திருப்பெரும்புதூர் வட்டாரக் கிராமங்களில் இதைச் செய்து காட்டினார். பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்த்தனர். சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் உள்ளனவா எனச் சோதித்தனர். நோய் கண்டவர்களுக்கு விலை குறைந்த மருந்துகளே வழங்கப்பட்டன. சுமார் 25,000 மக்களுக்கான இப்பணிக்குத் தலைக்கு ஆண்டொன்றுக்கு அரை டாலருக்கும் குறைவாகவே செலவாயிற்று.

சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மைக் காரணங்கள். அவை இல்லாதோரும் கவனமாக இருக்க வேண்டும் என்பதைச் சென்னை மருத்துவக் கல்லூரியினர் தமிழக விவசாயத் தொழிலாளர் 3,350 பேரிடம் நடத்திய ஆய்வு உணர்த்துகிறது. அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் புலப்படவில்லை. கடும் வெயிலில் உழைப்பதும் உடலில் நீர் வற்றுவதும் காரணமாகுமா என ஆராயப்பட்டு வருகிறது.

குற்றாலத்தில் சாரல் பெய்யும் மாதங்கள் சிலவே. மற்ற நாட்களில் நம் மாவட்டத்து வயல்களிலும் செங்கற்சூளைகளிலும் வெயில் கடுமையே. அங்கு உழைப்போர் நிழலில் இளைப்பாறி, இடையிடையே நீர் அருந்துதல் வேண்டும். சிறுநீரக நோயாளிகள் மட்டும், மருத்துவர் வகுத்த நீர் அளவை மீறலாகாது. நாள் முழுதும் அமர்ந்து பீடி சுற்றும் தாய்மார்கள் இடுப்புவலிக்காகக் கடையில் வலிமாத்திரை வாங்கித் தொடர்ந்து உண்பதும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உட்பொருள் தெரியாத மருந்துகளையும் தவிர்க்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரை மற்றும் இரத்த அழுத்த மாத்திரைகளை இல்லத்திற்கே கொண்டுவருகிறது. வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு அதற்கான திரவப் பைகளும் இதன்மூலம் கிடைக்கின்றன. இத்திட்டப் பணியாளர் வரும்போது மாத்திரை பெறுவதோடு நில்லாமல், சிறுநீர்ச் சோதனையைப் பற்றியும் கேளுங்கள்.

நிறைவாக, டயாலிசிஸ் அறைக்கு வெளியே நான்கு மணி நேரம் காத்திருக்கும் உறவினர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று. நோயாளியின் உடன்பிறந்தோரும் மக்களும், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உடையோரும் ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தம், சிறுநீர்ப் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின் ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை மாறுபாடு கண்டால் அஞ்ச வேண்டாம். மருத்துவர் மீண்டும் சோதித்த பின்னரே முடிவு கூறுவார். நாட்பட்ட நோயில் இழந்த சிறுநீரகத் திறனை மீட்பது அரிது. எஞ்சியிருப்பதைப் பல ஆண்டுகள் காக்க இயலும். அதற்கு நீங்கள் நலமாக இருக்கும்போதே எங்களிடம் வர வேண்டும்.