சுவையில்லாததற்கு ஏன் இத்தனை விலை?

மதுவகைகளில் வோட்கா ஒரு விந்தையான பண்டம். விஸ்கியைப் புகழ்பவர்கள் மரப்பீப்பாய் தந்த மணத்தைச் சொல்வார்கள். ஒயினைப் புகழ்பவர்கள் மண்ணையும் மழையையும் சொல்வார்கள். வோட்காவைத் தயாரிப்பவர்களோ மணம், சுவை, நிறம் என எல்லாவற்றையும் நீக்குவதற்காகவே பாடுபடுகிறார்கள். தனித்த குணமோ மணமோ சுவையோ நிறமோ இல்லாததே வோட்கா என்றுதான் அமெரிக்கச் சட்டம் பல பத்தாண்டுகளாக அதற்கு இலக்கணம் வகுத்திருந்தது. அந்த வாசகம் 2020இல்தான் நீக்கப்பட்டது.

சுவையில்லாமல் இருப்பதே சிறப்பு என்றால், ஒரே அலமாரியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பாட்டில்களின் விலையில் மூன்று மடங்கு, நான்கு மடங்கு வேறுபாடு எங்கிருந்து வருகிறது? வெளிநாட்டிலிருந்து திரும்பும் உறவினர், விமான நிலையத்தின் வரியில்லாக் கடையில் வாங்கிவரும் பாட்டிலுக்கு நம் வீடுகளில் தனி மரியாதை உண்டு. ‘நல்ல சரக்கு உடம்பைக் கெடுக்காது’ என்று உறுதியாக நம்புகிறவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. கூடுதல் விலை கூடுதல் சுவையைத் தருகிறதா என்பது ஒன்று. கூடுதல் பாதுகாப்பைத் தருகிறதா என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே பார்ப்பதுதான் முறை.

பாட்டிலுக்குள் இருப்பது என்ன?

வோட்கா என்பது பெரும்பாலும் எத்தனாலும் தண்ணீரும்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தபட்சம் 37.5 சதவீதமும் அமெரிக்காவில் 40 சதவீதமும் எத்தனால் இருக்க வேண்டும். கோதுமை, கம்புப்புல் எனப்படும் ரை தானியம், மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, திராட்சை என எதிலிருந்தும் அதைப் பெறலாம். இந்தியாவில் சர்க்கரை ஆலைகளில் மிஞ்சும் மொலாசஸ் என்னும் கழிவுப்பாகிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கப்படும் தூய எரிசாராயமே இதற்கு அடிப்படை.

நொதித்த கலவையை உயரமான கோபுரம் போன்ற கலனில் காய்ச்சி வடிக்கிறார்கள். இத்தகைய தொடர் வடிப்புக் கலனுக்கு அயர்லாந்தைச் சேர்ந்த ஈனியஸ் காஃபி 1830இல் காப்புரிமை பெற்றார். அதன் உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள் உண்டு. ஒவ்வொரு தட்டிலும் ஆவி குளிர்ந்து மீண்டும் ஆவியாகிறது. அதாவது, ஒவ்வொரு தட்டும் ஒரு சிறு வடிப்பு. ஆகவே, ‘ஐந்து முறை வடித்தது’, ‘ஏழு முறை வடித்தது’ என்று லேபிளில் அச்சிடுவதில் பெரிய பொருள் இல்லை. எத்தனை முறை முயன்றாலும், சாதாரண அழுத்தத்தில் வெறும் வடிப்பின் மூலம் கன அளவில் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தாண்ட முடியாது. அந்த நிலையில் எத்தனாலும் தண்ணீரும் ஒரே கலவையாகச் சேர்ந்தே கொதிக்கின்றன. ஐரோப்பிய விதிகள் கேட்கும் அடிப்படைத் தூய்மையே 96 சதவீதம். எனவே, முறையாக இயங்கும் எந்த ஆலையும் அந்த எல்லைக்கு மிக அருகில்தான் நிற்கிறது. பல பிராண்டுகள் தாமே வடிப்பதும் இல்லை. பெரிய ஆலைகளிடம் தூய சாராயத்தை வாங்கி, வடிகட்டி, தண்ணீர் கலந்து, பாட்டிலில் அடைக்கின்றன.

வடிகட்டலுக்கும் நீண்ட வரலாறு உண்டு. மரக்கரி அழுக்கை ஈர்த்துக்கொள்ளும் என்பதைப் பீட்டர்ஸ்பர்க் நகரில் டோபியாஸ் லோவிட்ஸ் 1785இல் கண்டறிந்தார். இன்றும் பயன்படுவது அந்தக் கரிதான். வைரத்தின் வழியே வடிகட்டியதாகச் சொல்லும் பிராண்டுகளும் உண்டு. அங்கே வைரம் வேலை செய்வது விளம்பரத்தில்தான். வேதியியல் அறிஞர் மெண்டலீவ்தான் 40 சதவீதமே சரியான அளவு என்று கண்டுபிடித்தார் என்பதும் இந்த வகைக் கதையே. சாராயமும் தண்ணீரும் சேர்வது பற்றி அவர் 1865இல் ஆய்வேடு அளித்தது உண்மை. ஆனால், வோட்காவுக்கு 40 சதவீதம்தான் பொருத்தம் என்று அதில் அவர் சொல்லவில்லை.

மூலப்பொருளின் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 750 மில்லி பாட்டில் ஒன்றில் 40 சதவீதம் என்றால் 300 மில்லி எத்தனால் இருக்கிறது. அதற்கு ஒரு கிலோவுக்கும் குறைவான கோதுமை போதும். அமெரிக்காவில் மத்திய அரசின் ஆயத்தீர்வை இத்தகைய பாட்டிலுக்குச் சுமார் 2.14 டாலர். அது விலையைப் பொறுத்தது அல்ல, எத்தனாலின் அளவைப் பொறுத்தது. பத்து டாலர் பாட்டிலுக்கும் நாற்பது டாலர் பாட்டிலுக்கும் தானியச் செலவில் பெரிய வேறுபாடு இல்லை, இந்தத் தீர்வையில் வேறுபாடே இல்லை. மீதி எங்கே போகிறது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

பெயர் முதலில், பண்டம் பிறகு

இதற்கான விடையை ஒரு பிராண்டின் வரலாறே சொல்லிவிடுகிறது. அமெரிக்க மது வணிகர் சிட்னி ஃபிராங்க் 1990களின் நடுவில் சந்தையை நோட்டமிட்டார். ஸ்வீடன் நாட்டின் அப்சலூட் அப்போது சுமார் 15 டாலருக்கு உயர்ரக வோட்காவாக விற்றுக்கொண்டிருந்தது. அதைப் போல இரு மடங்கு விலையில் ஒன்றை விற்றால் என்ன என்று அவர் சிந்தித்தார். ‘கிரே கூஸ்’ என்னும் பெயரும் விலையும் முதலில் முடிவாயின. பண்டம் பிறகுதான் உருவானது. ரஷ்யாவையும் போலந்தையும் விட்டுவிட்டு அவர் பிரான்ஸைத் தேர்ந்தெடுத்தார். ஆடம்பரம் என்றாலே அமெரிக்கர்களுக்கு நினைவுக்கு வருவது பிரான்ஸ் என்பதே காரணம். 1997இல் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே சிகாகோவின் ஒரு சுவைப் பரிசோதனை நிறுவனம் அதற்கு முதலிடம் அளிக்க, அந்தச் செய்தியையே அவர் விளம்பரமாக்கினார். 2004இல் பக்கார்டி நிறுவனம் அந்தப் பிராண்டை 200 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது.

ஒரு வடிப்பாலைக்கோ கோதுமை வயலுக்கோ யாரும் அவ்வளவு தொகை கொடுப்பதில்லை. கொடுக்கப்பட்டது, மக்கள் மனத்தில் பதிந்த ஒரு பெயருக்கு. கிரே கூஸ் மோசமான வோட்கா என்று நான் சொல்லவில்லை. அது நன்றாகவே தயாரிக்கப்படும் வோட்கா. ஆனால், அதன் விலை உற்பத்திச் செலவிலிருந்து பிறந்தது அல்ல. விலை உயர்வாக இருந்ததே அது உயர்ந்த பண்டம் என்பதற்குச் சான்றாக மாறியது.

நாக்கு என்ன சொல்கிறது?

பெயரை மறைத்துச் சுவைத்தால் என்ன ஆகும்? 2005 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் சுவைக் குழு 21 வோட்காக்களைப் பெயர் தெரியாமல் பருகி மதிப்பிட்டது. பெரும்பாலானவை உயர்ந்த விலையுள்ளவை. ஒப்பீட்டுக்காக மட்டும் மலிவான ஸ்மிர்னாஃப் சேர்க்கப்பட்டிருந்தது. குழுவினர் முதலிடம் கொடுத்தது அதற்குத்தான்.

இதை வைத்து ‘எல்லாம் ஒன்றே’ என்று முடித்துவிடுவதும் சரியல்ல. 2006இல் ‘மித்பஸ்டர்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில், மட்டமான வோட்காவை ஒரு முறை முதல் ஆறு முறை வரை கரியில் வடிகட்டி, அவற்றோடு வடிகட்டாத மட்டமான ஒன்றையும் உயர்ரகமான ஒன்றையும் சேர்த்து எட்டுக் கோப்பைகளில் வைத்தார்கள். தேர்ந்த சுவை வல்லுநர் ஒருவர் எட்டையும் வரிசை மாறாமல் அடுக்கிக் காட்டினார். நிகழ்ச்சியை நடத்தியவர்களால் அது முடியவில்லை. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகமும் சின்சினாட்டி பல்கலைக்கழகமும் சேர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, எத்தனால் மூலக்கூறுகளைத் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும் விதம் பிராண்டுக்குப் பிராண்டு சற்று மாறுவதைக் காட்டியது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: வேறுபாடு உண்டு, ஆனால் அது நுண்ணியது. பயிற்சி பெற்ற நாக்குக்குத் தெரியும், பெரும்பாலோருக்குத் தெரியாது. மட்டமானதிலிருந்து நடுத்தரத்துக்குப் போகும்போது கொடுக்கும் பணம் வீண் அல்ல. நடுத்தரத்திலிருந்து ஆடம்பரத்துக்குப் போகும்போது கொடுக்கும் பணம் பாட்டிலின் வடிவுக்கும் பெயருக்கும் போய்ச் சேர்கிறது.

எதைப் பார்த்து வாங்குவது?

பழச்சாறு, டானிக், சோடா ஆகியவற்றில் கலந்து அருந்துபவருக்கு விலை உயர்ந்த வோட்கா முற்றிலும் வீண். எலுமிச்சையின் புளிப்பைத் தாண்டி எந்த நுணுக்கமும் நாக்கை எட்டாது. போலந்து, ரஷ்ய வழக்கப்படி எதுவும் கலக்காமல் அருந்துபவருக்கு மூலப்பொருள் கொஞ்சம் பொருட்படுத்தத் தக்கது. ரை தானியத்தில் மிளகைப் போன்ற மெல்லிய காரம் இருக்கும். கோதுமையில் மென்மையும் உருளைக்கிழங்கில் சற்றே கொழகொழப்பான கனமும் தெரியும். ஐரோப்பாவில் தானியம், உருளைக்கிழங்கு அல்லாத பிறவற்றிலிருந்து செய்தால் அதை லேபிளில் குறிப்பிட வேண்டும். எதை வோட்கா என்று அழைக்கலாம் என 2007இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் வரை நடந்த சண்டையின் சமரசம் அது.

‘வழவழப்பாக இறங்குகிறது’ என்னும் பாராட்டையும் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். அமெரிக்க விதிகளின்படி லிட்டருக்கு 2 கிராம் வரை சர்க்கரையும் 1 கிராம் வரை சிட்ரிக் அமிலமும் சேர்க்கலாம். வழவழப்பு சில வேளைகளில் வடிப்பின் திறமை, சில வேளைகளில் வெறும் சர்க்கரை. உறையும் அளவுக்குக் குளிர்வித்தால் குறைகள் எல்லாம் மறைந்துவிடும். அறை வெப்பத்தில் சிறிது தண்ணீர் விட்டு முகர்ந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

தமக்கு வேறுபாடு தெரிகிறது என்று உறுதியாகச் சொல்பவர்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. வேறொருவரை மூன்று கோப்பைகளில் ஊற்றச் சொல்லுங்கள். இரண்டில் ஒரே வோட்கா, மூன்றாவதில் வேறு. மாறுபட்டது எது என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகும் என்பதால், சில சிப்புகளாக, சில முறை செய்து பார்க்க வேண்டும். தொடர்ந்து சரியாகச் சொல்ல முடியாதவருக்கு அந்தக் கூடுதல் விலை தேவையில்லை.

விலை வாங்கித் தராத ஒன்று

இனி இரண்டாவது கேள்வி. விலைக்கும் பாதுகாப்புக்கும் உள்ள ஒரே உண்மையான எல்லைக்கோடு, சட்டபூர்வமான பாட்டிலுக்கும் கள்ளப் பாட்டிலுக்கும் இடையில் இருக்கிறது. 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியங் நகரில் மெத்தனால் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் மெத்தனால்தான். அந்தக் கோட்டைத் தாண்டி முறையான கடைக்குள் வந்துவிட்டால், மலிவான பாட்டிலிலும் ஆடம்பரப் பாட்டிலிலும் ஈரலுக்குப் போய்ச் சேர்வது ஒரே எத்தனால்.

மறுநாள் தலைவலி குறைவாக இருப்பதைப் பாதுகாப்பின் அடையாளமாகச் சிலர் கருதுகிறார்கள். போர்பன் விஸ்கியையும் வோட்காவையும் ஒப்பிட்டு 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வோட்கா அருந்தியவர்களுக்குத் தொல்லை குறைவாகவே இருந்தது. அதில் துணைச் சேர்மங்கள் மிகக் குறைவு என்பதே காரணம். ஆனால், மறுநாள் கவனத்தையும் செயல்வேகத்தையும் அளந்தபோது இரு பிரிவினரின் தடுமாற்றமும் ஒரே அளவில்தான் இருந்தது. தெளிவாக இருப்பதாக உணர்வது வேறு, தெளிவாக இருப்பது வேறு.

2014இல் லான்செட் இதழில் வெளியான ஓர் ஆய்வு, ரஷ்யாவின் மூன்று நகரங்களில் 1.51 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. புகைபிடிக்கும் ஆண்களில், வாரத்துக்கு ஒரு பாட்டிலுக்கும் குறைவாக வோட்கா அருந்தியவர்கள் 35 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் இறக்கும் வாய்ப்பு 16 சதவீதம். மூன்று பாட்டிலும் அதற்கு மேலும் அருந்தியவர்களுக்கு அது 35 சதவீதம். அங்கே கணக்கில் வந்தது அளவுதான், லேபிள் அல்ல. ஆபத்தே இல்லாத அளவு என்று ஒன்று இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் கூறிவிட்டது.

விலை உயிரைக் காக்கும் வழி ஒன்று இருக்கிறது. அது சுவையின் வழியாக அல்ல, அளவின் வழியாக. ஸ்காட்லாந்து 2018 மே மாதம் மதுவுக்குக் குறைந்தபட்ச விலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அப்போது அது ஒரு யூனிட் சாராயத்துக்கு 50 பென்ஸாக இருந்தது. 700 மில்லி வோட்காவை 13 பவுண்டுக்குக் கீழே விற்க முடியாமல் போயிற்று. நேரடியாக மதுவால் ஏற்படும் இறப்புகள் இதனால் சுமார் 13 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு 2023இல் மதிப்பிட்டது. அங்கே விலை பயன் தந்தது, மக்கள் குறைவாகக் குடித்ததால்.

ஆகவே, அருந்துவது என்று முடிவு செய்துவிட்டவருக்கு என் கருத்து சுருக்கமானது. முறையான கடையில், முத்திரை உடையாத, நடுத்தர விலையுள்ள வோட்கா போதும். அதற்கு மேல் கொடுப்பது அலங்காரத்துக்கான செலவு. விருந்தினரை மகிழ்விக்க விரும்பிச் செய்தால் அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால், அந்தப் பணம் உடலுக்கும் ஒரு காப்பீட்டை வாங்கித் தருகிறது என்று எண்ணி, அந்த நம்பிக்கையிலேயே இன்னொரு கோப்பையை நிரப்பிக்கொண்டால், மலிவான பாட்டிலைவிட அந்த விலை உயர்ந்த பாட்டிலே கூடுதல் கேட்டைச் செய்துவிடும்.