தொட்டியில் ஒரு ஆயா மரம்: எட்டு ஆண்டுப் பாடம்

முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கியில் பயிர்க்கடன் கொடுத்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு பயிர் செய்ய வந்தவன் நான். புதுவாயலில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். ஒரு பக்கம் கொல்கத்தா நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் கும்மிடிப்பூண்டிக்குப் போகும் லாரிகள், நடுவில் நெல்லும் முருங்கையும். என் வீட்டுத் திண்ணையில் நான்கு போன்சாய் மரங்கள் இருக்கின்றன. களையெடுக்க வரும் அம்மா முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா சார், வளர்ற மரத்தப் போயி இப்பிடி மடக்கி வச்சிருக்க? பாவம் இல்லையா?"

இயற்கை விவசாயம் செய்கிற எல்லோருக்கும் இதே கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. எப்படி வளர்ப்பது என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன்.

எந்த மரம்?

போன்சாய் பழகுகிறவர்களுக்கு உலகம் முழுக்க முதலில் சொல்லப்படும் மரங்களில் ஒன்று எல்ம், குறிப்பாகச் சீன எல்ம். சின்ன இலை, வெட்ட வெட்டத் துளிர்க்கும் குணம், தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் உடம்பு. அதே குடும்பத்து மரம் நம் ஊரிலேயே இருக்கிறது. அதுதான் ஆயா மரம். ஆவி மரம் என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் 'இந்தியன் எல்ம்', தாவரவியலில் ஹோலோப்டிலியா இன்டெக்ரிஃபோலியா. இலையைக் கசக்கினால் ஒரு கெட்ட வாடை வரும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். தை, மாசியில் இலை கொட்டி, வெறும் கிளையில் பூக்கும். பிறகு வட்டமான, காகிதம் போன்ற சிறகுக்குள் விதை வைத்துக் காற்றில் பறக்கவிடும்.

எங்கள் வரப்போரம் அப்படி ஒரு பெரிய ஆயா மரம் நின்றது. 2017 பங்குனியில் அதன் கீழே சருகு கூட்டும்போது விதைகள் மெத்தை மாதிரிக் கிடந்தன. நாற்பது விதை பொறுக்கிப் போட்டேன். இருபத்தாறு முளைத்தன. (எண்ணி வைப்பது பழைய வேலையின் வியாதி.) ஆறு செடிகளைப் போன்சாய்க்கு ஒதுக்கினேன். மீதி இருபதில் பன்னிரண்டை வரப்பில் நட்டேன், எட்டைப் பக்கத்து விவசாயிகளுக்குக் கொடுத்தேன்.

2019-ல் பக்கத்து நிலம் குடோனுக்காகக் கைமாறியது. எல்லை அளந்தபோது தாய் மரம் அவர்கள் பக்கம் விழுந்தது. ஒரே நாள் வேலை, முடிந்துவிட்டது. அந்த இருபத்தாறு செடிகளின் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் இரண்டு பருவம்: வேர்

போன்சாயில் முதலில் வேருக்குத்தான் வேலை, கிளை பிறகு. ஆணிவேர் நேராகக் கீழே போனால் அந்த மரம் தட்டையான தொட்டியில் உட்காராது. அதனால் அடுத்த மாசியில், துளிர் விடும் நேரம் பார்த்து, செடியைப் பிடுங்கி ஆணிவேரைப் பாதிக்கு மேல் வெட்டினேன். நிலத்தில் குழி எடுத்து, அடியில் ஒரு உடைந்த ஓட்டை வைத்து, அதன்மேல் செடியை நட்டேன். வேர் ஓட்டில் முட்டிப் பக்கவாட்டில் பரவும். அடிமரத்தைச் சுற்றிப் பரவும் அந்த வேர்கள்தான் பின்னாளில் மரத்துக்கு வயதான தோற்றம் தருகின்றன.

மூன்று ஆண்டு: தண்டு

பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். சின்னச் செடியை உடனே சின்னத் தொட்டியில் வைத்தால் பத்து வருஷம் ஆனாலும் அது குச்சியாகவே இருக்கும். தண்டு தடிப்பது இலை செய்யும் உணவால். இலை நிறைய வேண்டுமானால் வேர் தாராளமாக ஓட வேண்டும். ஆகவே மூன்று ஆண்டுகள் நிலத்திலேயே விட்டேன். ஆள் உயரத்துக்கு மேலே போயின. கை வைக்கவில்லை. ரெக்கரிங் டெபாசிட் மாதிரிதான், இடையில் உடைத்தால் நஷ்டம்.

2021 மாசியில் தண்டு மணிக்கட்டு அளவு வந்ததும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சாய்வாக வெட்டினேன். வீட்டம்மா அன்று என்னோடு பேசவில்லை. ஆனால் ஆயா மரம் வெட்டினால் நன்றாகத் தழைக்கும் சாதி. மூன்றே வாரத்தில் வெட்டுக்குக் கீழே சுற்றிலும் துளிர்கள்.

ஏன் இப்படி? நுனி மொட்டில் ஆக்சின் என்ற ஊக்கி உருவாகி, கீழே உள்ள மொட்டுகளைத் தூங்கவைக்கிறது. நுனியை எடுத்தால் அவை விழிக்கும். முருங்கை முக்கால் மீட்டர் வளர்ந்ததும் நுனி கிள்ளுகிறோமே, அதே கணக்குதான்.

அடுத்த இரண்டு ஆண்டு: கிளை

வந்த துளிர்களில் மேலே ஒன்றை அடுத்த தண்டாகவும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மூன்றைக் கிளையாகவும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ள வேண்டும். தேர்ந்த கிளை விரல் தடிமன் வரும்வரை ஓடவிட்டு, இரண்டு கணு விட்டு வெட்ட வேண்டும். மறுபடி ஓடவிட்டு மறுபடி வெட்ட வேண்டும். சீனாவில் லிங்னான் பகுதிக்காரர்கள் கம்பி அதிகம் கட்டாமல் இந்த வழியிலேயே அழகான மரங்களை உருவாக்குகிறார்கள். ஒவ்வொரு வெட்டிலும் கிளை சற்றே திரும்பி, சற்றே மெலிந்து போகும்; அதுவே பழைய மரத்தின் சாயல்.

கிளையைத் தாழ்த்த வேண்டுமானால் அலுமினியக் கம்பி சுற்றலாம். வேகமாக வளரும் மரம் என்பதால் ஆறு வாரத்துக்குள் கழற்றிவிட வேண்டும். நான் ஒருமுறை மறந்து, தழும்பு இன்னும் இருக்கிறது. கயிறு கட்டி இழுத்தாலே பெரும்பாலும் போதும். வெட்டுவாயில் சாணமும் மஞ்சளும் குழைத்துப் பூசுகிறேன்.

தொட்டி மண்

2023 மாசியில் ஆறு மரங்களையும் தோண்டி, வேரில் மூன்றில் ஒரு பங்கு வெட்டித் தொட்டிக்கு மாற்றினேன். நான்கில் செங்கல் ஜல்லி இரண்டு பங்கு, கரடுமுரடான மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. ஜல்லி மிளகு அளவில் இருக்க வேண்டும். தூளைக் கொசுவலையில் சலித்து நீக்க வேண்டும். எம்-சாண்ட் என்றால் கழுவாமல் போடவே கூடாது. செங்கல் தீர்ந்துபோனதால் மீதி இரண்டில் செம்மண்ணும் தென்னை நார்க்கழிவும் போட்டேன். "ரெண்டுதானே, என்ன ஆகிடப் போகுது?" என்று ஒரு சோம்பல்.

அந்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. நம் மாவட்டத்தில் அந்த மழையை மறந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஆறு தொட்டியும் ஒரே பலகையில்தான் இருந்தன. செங்கல் போட்ட நான்கிலும் தண்ணீர் விழ விழ வடிந்தது. செம்மண் தொட்டிகளில் வாரக்கணக்கில் சேறு. மாசியில் நான்கும் துளிர்த்தன, இரண்டும் துளிர்க்கவில்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, தோல் கையோடு வந்தது. ஆறு ஆண்டு வளர்த்த மரங்கள். தண்ணீரால் சாகவில்லை, காற்று கிடைக்காமல் செத்தன. வேரும் மூச்சு விட வேண்டும் என்று கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன், என் தொட்டியில் மறந்துவிட்டேன்.

ஆண்டு முழுவதும் பராமரிப்பு

மாசி, பங்குனி: இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மண் மாற்றி வேர் வெட்டுதல். பிறகு ஒரு மாதம் உரம் கிடையாது, அரை நிழல்.

சித்திரை, வைகாசி: காலை மாலை இரு வேளைத் தண்ணீர். கத்திரி வெயிலில் நிழல்வலைக்குக் கீழே.

ஆனி முதல் புரட்டாசி வரை: பதினைந்து நாளுக்கு ஒருமுறை வடிகட்டிய ஜீவாமிர்தம் பத்து மடங்கு தண்ணீரில், அல்லது புளித்த கடலைப் புண்ணாக்குக் கரைசல். இதுதான் கிளை வெட்டும் காலமும்கூட. நல்ல தெம்பான மரத்தில் மட்டும் ஒருமுறை இலை முழுவதையும் கிள்ளலாம். அடுத்து வரும் இலை சிறுத்து வரும். ஆயா இலை இயல்பில் பெரிது என்பதால் மரத்தை ஒன்றரை அடிக்குக் குறையாமல் வைத்தால்தான் பொருத்தமாக இருக்கும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை: உரம் நிறுத்தம். தொட்டித் துளை அடைக்காமல் பார்ப்பது ஒன்றுதான் வேலை.

மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் போதும்.

பாவமா?

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பட்டினி போட்டு மரத்தைக் குட்டையாக்குவதில்லை. பட்டினி கிடந்த மரம் துளிர்க்காது. இலைக்கும் வேருக்கும் சமநிலை வைத்து, வேளா வேளைக்குச் சோறு போட்டால்தான் அது உயிரோடு இருக்கும். வாஷிங்டனில் அமெரிக்கத் தேசியத் தாவரப் பூங்காவில் ஒரு பைன் போன்சாய் இருக்கிறது. 1625 முதல் வளர்க்கப்படுவது, ஹிரோஷிமா குண்டுவீச்சில் தப்பியது, 1976-ல் ஜப்பானியர் பரிசாகக் கொடுத்தது. நான்கு நூற்றாண்டு தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

ஆனாலும் அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தொட்டி மரம் நிழல் தராது, குருவிக்கு வீடு தராது. அதனால் எனக்கு நானே ஒரு விதி போட்டேன்: தொட்டிக்கு ஒன்று என்றால் மண்ணுக்கு இரண்டாவது போக வேண்டும். காட்டிலோ கோயில் காட்டிலோ வயதான மரத்தைத் தோண்டி எடுப்பது வேண்டவே வேண்டாம். வரப்பில் வைத்த பன்னிரண்டில் ஒன்பது பிழைத்து இன்று வீட்டு உயரம் நிற்கின்றன.

இன்னொன்று. ஐரோப்பாவில் எல்ம் மரங்களை ஒரு பூஞ்சை நோய் அழித்தது. பட்டைக்குள் துளைக்கும் வண்டு அதைப் பரப்பியது. 1960-களின் கடைசியில் கிளம்பிய அலையில் இங்கிலாந்து மட்டுமே கோடிக்கணக்கான எல்ம் மரங்களை இழந்தது. சாலைக்குச் சாலை, வேலிக்கு வேலி ஒரே மரம் வைத்ததால் நோய்க்கு வழி எளிதானது. என் வரப்பில் ஆயாவோடு புங்கனும் பூவரசும் நிற்பது அதற்காகத்தான்.

வருமானம் வருமா என்று கேட்பவர்களுக்கு: நல்ல மரத்துக்கு விலை கிடைக்கும், ஆனால் எட்டு வருஷம் ஆகும். இதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். பழைய கடன் அதிகாரியாகச் சொல்கிறேன். வரும் பங்குனியில் உங்கள் ஊர் ஆயா மரத்தின் கீழே ஒரு கை விதை பொறுக்குங்கள், அன்றே மண்ணில் போடுங்கள். போன்சாய் ஆகாவிட்டாலும் வரப்புக்கு மரம் ஆகும்.

களையெடுக்கும் அம்மா போன மாதம் கேட்டார்: "அந்தச் சின்ன மரத்துல ஒண்ணு எங்க வூட்டுக்குக் குடேன் சார்." பெரிய கன்றாக ஒன்றும் சேர்த்துக் கொடுத்தேன்.