கேமராவிலேயே கணக்கு

1920க்கு 1080 பிக்சல் கொண்ட ஒரு கண்காணிப்புக் கேமரா வினாடிக்கு 25 படம் எடுத்தால், சுருக்காத நிலையில் அது வினாடிக்கு 150 மெகாபைட்டைத் தாண்டும். வினாடிக்கு 4 மெகாபிட்டாகச் சுருக்கினாலும் ஒரு நாளைக்கு 43 ஜிகாபைட் சேரும். ஆயிரம் கேமரா என்றால் 43 டெராபைட். அதில் பெரும்பகுதி ஆளில்லாத நடைபாதையும் ஆடுகிற மரக்கிளையும்தான். இத்தனையையும் ஒரே சர்வருக்கு இழுத்துவந்து, மறுபடி விரித்து ஆராய்வது வீண்செலவு.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1997 முதல் 1999 வரை நடந்த ‘விசாம்’ கண்காணிப்புத் திட்டம் இதற்கு வேறு வழி காட்டியது. கேமராவுக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவே ஒரு கணினி இருக்கும். காட்சியின் பின்புலம் எப்படியிருக்கும் என்பதை அது பிக்சல் பிக்சலாக நினைவில் வைத்திருக்கும். அதிலிருந்து மாறுபடும் பிக்சல்கள் ஒன்றாகத் திரண்டால், ஏதோ நகர்கிறது என்று பொருள். திரளின் அளவையும் வடிவத்தையும் பார்த்து, ஆளா, கூட்டமா, வண்டியா என்று பிரிக்கும். பார்வைக்கோடு தரையைத் தொடும் இடத்தை நிலவரைபடத்தில் கணித்து, ‘இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் ஒரு வண்டி’ என்று மையத்துக்குச் சொல்லும். படத்துக்குப் பதில் சில எழுத்துகள்!

சிக்கல், ஒரு கேமராவை விட்டு நகர்ந்த வண்டி அடுத்ததில் தென்படும்போது வருகிறது. இரண்டும் ஒரே வண்டிதானா? கேமராக்களின் கடிகாரங்களுக்குள் இரண்டு வினாடி வித்தியாசம் இருந்தாலே போதும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 22 மீட்டர் தள்ளித் தெரியும். அதனால் கடிகாரங்களை அடிக்கடி நெட்வொர்க் வழியே சரிசெய்வார்கள். பல கேமராக்களின் தகவலைப் பொருத்திப் பார்க்கும் வேலை மட்டும் மையத்தில் நடக்கும்.

கேமரா தவறவிட்டதை மையம் அறியாது என்பது இதிலுள்ள பெரிய ஓட்டை. ஆகவே இப்போது பல கேமராக்கள் முழுப்பதிவையும் உள்ளேயிருக்கும் மெமரி கார்டில் சில நாள் வைத்திருக்கின்றன. தேவைப்பட்ட துண்டை மட்டும் மையம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

படமே வெளியே போவதில்லை, ஆகவே அந்தரங்கம் பத்திரம் என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்பவேண்டியதில்லை. வண்டி எண்ணும் நேரமும் கொண்ட ஒரு வரியை வருடக்கணக்கில் வைத்திருக்க அதிகச் செலவில்லை. யார் எப்போது எந்தத் தெருவில் போனார் என்பதைத் தேடி எடுக்க, மணிக்கணக்கான வீடியோவைவிட அந்த வரிதான் வசதி.