சாத்தே புகையில் ஒரு ஃபிலிம் ரோல்

சிங்கப்பூரின் பூன் டாட் தெருவில் பகலெல்லாம் கார்கள் ஓடும். மாலையானால் தெருவை அடைத்து மேசை நாற்காலிகளைப் பரப்பிவிடுவார்கள். ஒரு பக்கம், 1894-ல் எழுந்த லாவ் பா சாட் சந்தையின் வார்ப்பிரும்பு வளைவுகள். அண்ணாந்தால் அலுவலகக் கோபுரங்கள். நடுவே, கரியடுப்பில் குச்சியில் கோத்த இறைச்சியான சாத்தே வேகும் புகை. திறந்தவெளிச் சாப்பாட்டுக் கடைகளைக் கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் எடுக்கப் பழகுவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது.

முதலில், வண்ணம் ஏன் வேண்டாம்? இரவுக் கடையில் குழல்விளக்கு பச்சை பாய்ந்திருக்கும், குண்டு பல்பு மஞ்சளடிக்கும், பெயர்ப்பலகை சிவப்பைக் கொட்டும். வண்ண ஃபிலிமில் இவையெல்லாம் சாப்பிடுகிறவர் முகத்தில் அப்பிக்கொள்ளும். கறுப்பு-வெள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது பார்ப்பது வெளிச்சம் எவ்வளவு என்பதை மட்டும்தான்.

அதற்கு ஒரு விலை உண்டு. சிவப்பு மிளகாயும் பச்சை வெள்ளரியும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறமாகிவிடும். நாவில் நீர் ஊறவைக்கும் தட்டு படத்தில் சேறுபோலக் கிடக்கும். ஆகவே தட்டை விட்டுவிடுங்கள். விசிறும் கை, குனிந்த முதுகு, இருட்டை ஒட்டி நிற்கும் வெள்ளைச் சட்டை, இவைதான் இங்கே படம்.

புகையை எடுக்க ஒரு சூத்திரம்: விளக்கு புகைக்குப் பின்னால் இருக்க வேண்டும், அதற்கும் பின்னால் இருட்டு இருக்க வேண்டும். அப்போதுதான் புகை வெள்ளையாக எழும். விளக்கு உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் புகை மங்கிச் சப்பென்று போகும். நாலடி நகர்ந்து நின்றாலே வித்தியாசம் தெரியும்.

ஃபிலிமுக்கு வருவோம். இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ், கோடாக் ட்ரை-எக்ஸ் இரண்டின் ஒளியுணர்திறனும் ஐஎஸ்ஓ 400. நல்ல வெயிலில் லென்ஸ் துளை எஃப் 16, 1/500 விநாடி போதும். இரவுக்கு 400 பற்றாது. அப்போது கேமராவில் 1600 என்று வைத்து எடுத்து, கழுவும்போது ஃபிலிமை டெவலப்பரில் கூடுதல் நேரம் வைக்கிறார்கள். இதற்குப் பெயர் ‘புஷ்’. இதில் இருட்டுப் பகுதிகள் விவரமின்றிக் கறுத்துவிடும், மணித்துகள் பெருக்கும், கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள முரண் கூடும். சாத்தே கடைக்கு அது பொருந்தவே செய்யும். ஆனால் பாதி ரோலை 400-லும் மீதியை 1600-லும் எடுக்க முடியாது. முழு ரோலும் ஒரே கணக்குதான்.

1600-ல் எஃப் 2, 1/60 என்று தொடங்கிப் பாருங்கள். படச்சட்டத்துக்குள் பல்பு இருந்தால் ஒளிமீட்டர் ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும். வெளிச்சம் விழும் முகத்தருகே போய் அளந்துகொள்ளுங்கள். 1/30-க்கு இறங்கினால் விசிறி மட்டும் கலங்கி, அசையாத முகம் தெளிவாக நிற்கலாம். அதற்கு உங்கள் கை நடுங்கக் கூடாது.

குவியத்தில் பகல் வேறு, இரவு வேறு. பகலில் 35 மி.மீ. லென்ஸை எஃப் 8-ல் வைத்து மூன்று மீட்டருக்குக் குவித்துவிட்டால், ஏறக்குறைய இரண்டு முதல் ஏழு மீட்டர் வரை தெளிவாக விழும். லென்ஸைத் திருகாமலே எடுத்துக்கொண்டு போகலாம். எஃப் 2-ல் அதே இடத்தில் தெளிவு ஒரு மீட்டர்கூடத் தேறாது. அதனால் அடுப்பின் விளிம்பில் குவித்துவிட்டுக் காத்திருங்கள். சாத்தே சுடுகிறவர் குச்சியைப் புரட்ட அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவார்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர். ஆண்டு முழுக்கச் சூரியன் ஏழு மணியை ஒட்டியே மறையும், அந்தி சட்டென்று தீரும். அதற்கு முன்பே இரவு ரோலைப் போட்டுவிடுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் நீர் பூக்கும். அரை மணி முன்னதாகவே வந்துவிட்டால் தானாக விலகும்.

விமான நிலையத்தில் ஃபிலிமைப் பெட்டிச் சுமையில் போடாதீர்கள். புதிய சிடி ஸ்கேனர்கள் ஒரே தடவையில் ஃபிலிமைக் கெடுத்துவிடக்கூடும். கண்ணாடிப் பையில் போட்டு, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக, மனிதர்கள். மெல்லும் வாயைப் படமெடுப்பதை யாரும் விரும்புவதில்லை. ஒரு தட்டு வாங்கி உட்காருங்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும், கடைக்காரருக்கும் உங்கள் முகம் பழகிவிடும். கேமராவைக் காட்டி ஜாடையில் கேளுங்கள், கையை ஆட்டினால் இறக்கிவிடுங்கள். ரோலில் இருப்பது 36 படம்தான். முடிந்ததும், எழுந்திருப்பதற்கு முன்பே ரோலின் மேல் பேனாவால் ‘1600’ என்று எழுதிவிடுங்கள். ஊர் திரும்பி லேபில் கொடுக்கும்போது எது பகல், எது இரவு என்று உங்களுக்கே நினைவிருக்காது.