சாமி கும்பிடாத அப்பா!

தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிற இலத்தூர்தான் எங்கள் ஊர். மதுநாதசுவாமி கோயிலும் அங்குள்ள சனீஸ்வரரும்தான் ஊருக்கே அடையாளம். சனிக்கிழமை வந்தால் எள் தீபம் ஏற்ற வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள்.

எங்கள் அம்மாவும் ஒரு சனிக்கிழமை விட்டதில்லை. கோயில் வாசல் வரைக்கும் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் கொண்டுபோய் விடுகிறவர் அப்பா. விட்டுவிட்டு உள்ளே போகமாட்டார். வெளியே ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

"என்ன அண்ணாச்சி, உள்ள வரலியா?" என்று யாராவது கேட்பார்கள்.

"நீங்க போயிட்டு வாங்க. சுண்டல் குடுத்தா மட்டும் எனக்கும் சேர்த்து வாங்கிட்டு வாங்க!"

அப்பாவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதை ஒளித்ததும் கிடையாது, யார் மீதும் திணித்ததும் கிடையாது. கேட்க சுலபமாக இருக்கிறது, இல்லையா? அப்படி வாழ்வதற்கு அவரும் நாங்களும் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அப்பாவோ, மகனோ, மருமகளோ இருக்கலாம். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

ஏறிப்போன பிரஷர்

1994-ல் பாட்டி தவறிவிட்டார். அப்பா ஒரே மகன். "மொட்டை போடமாட்டேன், சடங்கு செய்யமாட்டேன். தூக்கிட்டுப் போறதுக்கு முதல் தோள் என்னுது" என்றார். அத்தை கொதித்துப் போனார். "பெத்த தாய்க்குக் கொள்ளி வைக்காதவன் வீட்டுல தண்ணிகூடக் குடிக்கமாட்டேன்" என்று சொன்னவர், ஏழு வருஷம் எங்கள் வாசப்படி மிதிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகைகள் வருவது குறைந்தது. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கையில், "அவங்கப்பா ஒரு மாதிரியாமே?" என்று இரண்டு இடம் தட்டிப்போனது.

அப்பா வெளியே சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ராத்திரியில் தூங்கமாட்டார். ஒருநாள் தலைசுற்றல் என்று தென்காசியில் டாக்டரிடம் காட்டினோம். பிரஷர் 170-க்கு 100! "மனசுல ஏதாவது கஷ்டம் இருக்கா?" என்று கேட்ட டாக்டர், அப்பா பதில் சொல்வதற்கு முன்னால் அம்மாவைப் பார்த்து, "தினமும் அப்பளம், ஊறுகாய் உண்டா?" என்றும் கேட்டார். இரண்டுக்கும் பதில் 'ஆமாம்'தான்!

ரத்தக்கொதிப்புக்கு பரம்பரை, உப்பு, எடை, வயது எனப் பல காரணங்கள் உண்டு. கவலை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தூக்கமின்மையும் தீராத மன உளைச்சலும் அதை மோசமாக்கும். மாத்திரையோடு மனசையும் கவனிக்க வேண்டும்.

பக்திதான் ஆரோக்கியமா?

"சாமி கும்பிட்டா மனசு நிம்மதியா இருக்கும், உடம்பும் நல்லா இருக்கும்" என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. தவறாமல் வழிபாட்டுக்குப் போகிறவர்களின் உடல்நலம் சற்று மேலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்கு ஒரு முக்கியமான காரணமாக ஆராய்ச்சியாளர்கள் சொல்வது மனிதத் தொடர்பு. கோயிலுக்குப் போனால் நாலு பேரைப் பார்க்கிறோம், 'உடம்புக்கு எப்படி இருக்கு?' என்று விசாரிக்கிறார்கள், ஒரு கஷ்டம் என்றால் ஓடி வருகிறார்கள்.

2010-ல் வெளியான ஓர் ஆய்வு, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய 148 ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தது. நல்ல உறவுகள் உள்ளவர்கள் அந்த ஆராய்ச்சிக் காலங்களில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு, உறவற்றவர்களைவிட 50 சதவிகிதம் அதிகம் என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் தனிமையைக் கவனிக்கவென்றே ஒரு குழு அமைத்தது.

ஆக, நம்பிக்கை இல்லாத ஒருவரை உடலளவில் பாதிக்கக்கூடியது, 'இவன் நம்ம ஆள் இல்லை' என்று ஒதுக்குவதுதான். நாத்திகர்களுக்கும் இதில் பாடம் உண்டு. கோயிலை விட்டால் அந்த நாலு பேரையும் சேர்த்து விட்டுவிடக்கூடாது. வாசகசாலை, நடைப்பயிற்சிக் கூட்டம், ரத்ததான சங்கம் என்று வேறு நாலு பேரைத் தேடிக்கொள்ள வேண்டும்.

முன்னோர் காட்டிய வழி

கருத்தில் எதிரெதிராக நின்றும் மரியாதை குறையாமல் பழகியவர்கள் நம் நாட்டில் உண்டு. குன்றக்குடி அடிகளார் திருநீறு தந்தபோது பெரியார் மறுக்காமல் ஏற்றுக்கொண்டதும், கூட்டங்களில் கடவுள் வாழ்த்துப் பாடினால் தள்ளாத வயதிலும் பிறர் தாங்கிப் பிடிக்க எழுந்து நின்றதும் இன்றும் சொல்லப்படுகிற செய்திகள்.

ஆந்திராவைச் சேர்ந்த கோரா என்ற கோ. ராமச்சந்திர ராவ், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். நாத்திகக் கருத்துக்காகப் பின்னாளில் வேறு கல்லூரிகளில் வேலை இழந்தார். காந்தியடிகளோடு நெருங்கிப் பழகினார். கோராவின் மகளுக்கும் தாழ்த்தப்பட்ட சமூக இளைஞருக்கும் சேவாகிராமத்தில் திருமணம் நடத்த காந்தி ஒப்புக்கொண்டார். 'கடவுள் பெயரால்' என்ற உறுதிமொழிக்குப் பதிலாக 'சத்தியத்தின் பெயரால்' என்று சொல்லவும் சம்மதித்தார். காந்தி மறைந்த பிறகு, 1948 மார்ச்சில் அந்தத் திருமணம் அங்கேயே நடந்தது.

ஆனால் எல்லாம் இப்படி இனிப்பாக முடிவதில்லை. 2017 மார்ச்சில் கோவையில் ஃபாரூக் என்ற இளைஞர், கடவுள் மறுப்புக் கருத்துகளை வாட்ஸ்அப்பில் எழுதியதற்காக வெட்டிக் கொல்லப்பட்டார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தன்னை நாத்திகர் என்று பதிவு செய்துகொண்டவர்கள் நாடு முழுக்க சுமார் 33 ஆயிரம் பேர்தான். பெரியார் பிறந்த தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1,300 பேர்! வெளியே சொல்லப் பலர் தயங்குவதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

சட்டம் தடையாக இல்லை. அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு மனசாட்சிச் சுதந்திரம் தருகிறது. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-லேயே அண்ணா ஆட்சியில் சட்டம் வந்துவிட்டது. 2019-ல் திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா 'சாதி, மதம் அற்றவர்' என்று சான்றிதழே வாங்கினார். சிக்கல் எல்லாம் வீட்டுக்குள்தான்.

அம்மாவின் முடிவு

2018-ல் அப்பா ஒருநாள் விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். அலமாரியில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்: 'கண்ணை எடுத்துக்கொள்ளச் சொல்லவும். எனக்குச் சடங்கு வேண்டாம். என் உடம்பு விஷயத்தில் என் பேச்சு. உங்கள் மனசு விஷயத்தில் உங்கள் பேச்சு.'

நேருவும் தன் உயிலில், மதச் சடங்குகள் வேண்டாம் என்று எழுதியிருந்தார். 1964-ல் அவர் மறைந்தபோது சடங்குகள் நடக்கத்தான் செய்தன. பிரதமர் வார்த்தைக்கே அந்த நிலைமை என்றால், இலத்தூரில் எங்கள் அப்பாவுக்கு?

சொந்தக்காரர்கள் சத்தம் போட்டார்கள். "கண்ணை எடுத்தா அடுத்த பிறவியில குருடாப் பிறப்பாங்க மதினி!" என்று அழுதார் அத்தை. அதுவரை பேசாமல் இருந்த அம்மா சொன்னார்: "கண்ணப்ப நாயனார் கண்ணைக் குடுத்தாரே, அவரு குருடாவா போனாரு? அவுகளுக்கு சாமி இல்ல. எனக்கு இருக்கு. எஞ் சாமி கோவிச்சுக்கிடாது."

திருநெல்வேலியிலிருந்து கண் வங்கிக்காரர்கள் வந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. முகத்தில் மாற்றமே தெரியவில்லை. சடங்கில்லாமல் தகனம் நடந்தது. பதினாறாம் நாள் அம்மா தன் மனசுக்காகக் கோயிலுக்குப் போய் ஒரு விளக்குப் போட்டார். அத்தையும் கூடப் போனார். அது அப்பாவின் பேச்சை மீறியதாகாது. அவரே எழுதி வைத்ததுதானே!

கண் தானம்: தெரிந்துகொள்ளுங்கள்

இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும். உடனே கண் வங்கிக்குச் சொல்லிவிட்டு, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வையுங்கள். மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள். கண்ணாடி போட்டவர்கள், கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள், சர்க்கரை நோயாளிகள்கூடக் கொடுக்கலாம். எய்ட்ஸ், மஞ்சள்காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி போன்றவை இருந்தால் எடுக்கமாட்டார்கள். முன்பே எழுதிக்கொடுத்திருந்தாலும் வீட்டார் சம்மதித்தால்தான் நடைமுறையில் நடக்கும். ஆகவே உயிரோடு இருக்கும்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

நம்பிக்கை இல்லாதவர்களுக்கு...

* எல்லோரிடமும் ஒரே நாளில் அறிவிக்க வேண்டாம். புரிந்துகொள்ளும் ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள். வருமானத்துக்குப் பிறரை நம்பியிருக்கும் மாணவர்களும் பெண்களும் பாதுகாப்பைப் பார்த்துச் சொல்வது நல்லது. பிள்ளைக்கு ஒரு நியாயம், மருமகளுக்கு ஒரு நியாயம் என்பதுதானே நம் வீடுகளின் வழக்கம்?

* எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள் என்பதைத் தெளிவாக வையுங்கள். அப்பா கோயிலுக்குக் கொண்டுவிடுவார், கும்பிடமாட்டார். நாளடைவில் எல்லோருக்கும் அது பழகிப்போனது.

* துக்க வீட்டிலும், நோயாளி பக்கத்திலும் வாதம் வேண்டாம்.

நம்பிக்கை உள்ளவர்களுக்கு...

* "உனக்கு ஒரு கஷ்டம் வந்தாத்தான் தெரியும்" என்று சொல்லாதீர்கள். அது சாபம் போலத்தான் கேட்கும்.

* நோய் வந்தால், 'சாமி கும்பிடாததால் வந்தது' என்று குத்திக்காட்டாதீர்கள். பிரஷருக்கு பக்தர், நாத்திகர் என்ற பேதம் தெரியாது.

* தூக்கமின்மை, பசியின்மை, யாரோடும் பேசாமல் இருப்பது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மந்திரிப்பதோ, பகுத்தறிவு பேசுவதோ அதற்கு மருந்தாகாது.

அம்மா இப்போதும் சனிக்கிழமை கோயிலுக்குப் போகிறார், ஆட்டோவில். திரும்பி வந்ததும் சுண்டல் பொட்டலத்தை அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைப்பார். அப்புறம் அவரே எடுத்து, "அவுகளுக்குத்தான் சாமி இல்லையே, நாமளே சாப்பிடுவோம்" என்று எங்களுக்குப் பங்கு வைப்பார்!