மோட்டார் வண்டியைத் திருத்தியமைத்தல்

எம் விடுதியில் என்னோடு ஓர் அறையில் வதியும் நண்பர் இயற்பியல் பயில்பவர். அவர் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு மோட்டார் வண்டியின் படம் நெடுநாளாக ஒட்டப்பட்டுள்ளது. ஜப்பானிய நிஸ்ஸான் நிறுவனத்தார் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்கைலைன் ஜி.டி.-ஆர். என்னும் வண்டி அது. ஆயினும் நிறுவனத்தார் வெளியிட்ட வடிவில் அஃது இல்லை. சக்கரங்கள் அகன்றும், உடல் நிலத்தை நோக்கித் தாழ்ந்தும், பின்புறத்தே பெரியதோர் இறக்கை உயர்ந்தும் காணப்படுகின்றது. “விலை கொடுத்து வாங்கிய வண்டியை வாங்கியவாறே ஓட்டலாகாதோ? இத்துணை மாற்றம் எற்றுக்கு?” என்று ஒருநாள் யான் வினவினேன். அவ்வினாவிற்கு விடையிறுக்க அவருக்கு மூன்று மாலைப்பொழுதுகள் வேண்டியிருந்தன. அவர் கூறக் கேட்டும், பின்னர் யானே பயின்றும் அறிந்தவற்றை, பொறியியல் அறியாத என்போன்ற மாணவர்க்கும் விளங்குமாறு ஈண்டு எழுதலுற்றேன்.

வண்டியைத் திருத்தியமைக்கும் தொழில் இருவகைப்படும். எஞ்சினின் ஆற்றலைப் பெருக்குதல் ஒன்று. வண்டியின் உடலையும் உறுப்புகளையும் மாற்றுதல் மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனியே செய்துகொள்ளலாம் என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை இந்த ஓர் வண்டியின் வரலாறே இனிது விளக்கும்.

முதற்கண் எஞ்சினைக் காண்பாம். எரிதற்குப் பெட்ரோல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். ஒரு பங்கு நிறையுள்ள பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறக்குறைய 14.7 பங்கு நிறையுள்ள காற்று வேண்டும் என்பர். ஆகவே, ஆற்றலைப் பெருக்க விரும்புவோன் எஞ்சினுக்குள் மிகுதியான பெட்ரோலைச் செலுத்துவதற்கு முன்னர் மிகுதியான காற்றைச் செலுத்த வழி தேடல் வேண்டும். ஸ்கைலைன் வண்டியின் எஞ்சின் ஆறு உருளைகளை உடையது. அதன் கொள்ளளவு 2568 கன சென்டிமீட்டர். இவ்வளவிற்றாகிய எஞ்சின் தானே உறிஞ்சும் காற்று குறைவே. அதனால் நிறுவனத்தார் டர்போ சார்ஜர் என்னும் கருவிகள் இரண்டை அதனோடு இணைத்தனர். எரிந்து வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அச்சக்கரத்தோடு ஒரே அச்சிற் பிணைந்த மற்றொரு சக்கரம் புறக்காற்றை உள்ளிழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். வீணே கழியும் புகையைக் கொண்டே வேலை வாங்கும் நுட்பம் இது.

இவ்வாறு அமைந்த எஞ்சினின் ஆற்றல் 280 குதிரைச் சக்தி என்று நிறுவனத்தார் அறிவித்தனர். இவ்வெண்ணிற்கு ஒரு காரணம் உண்டு. 1988-ஆம் ஆண்டில் ஜப்பானியச் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டிற்று. வேகமான வண்டிகள் மீது பழி எழுந்த அக்காலத்தில், அந்நாட்டு மோட்டார் உற்பத்தியாளர்கள் எவரும் 280 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட வண்டியை விற்பதில்லை என்று தமக்குள் உடன்பட்டனர். 1989-இல் தோன்றிய அவ்வுடன்பாடு 2004 வரை நிலவியது. ஆனால் ஸ்கைலைன் எஞ்சினோ பந்தயத்திற்கென்றே ஆக்கப்பெற்றது. இரும்பு வார்ப்பினாலாகிய உடலுடன், 280-ஐக் காட்டிலும் மிகுதியாகத் தாங்கும் வன்மையுடையது. வன்மை உள்ளே இருக்க, வாயிலில் ஒரு பூட்டு இடப்பட்டிருந்தது எனலாம்.

அப்பூட்டு எத்தகையது? காற்றழுத்தத்தை ஆளும் மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றினுள், நுண்ணிய துளையுடைய சிறு தடை ஒன்று செருகப்பட்டிருந்தது. அதனைப் பிடுங்கி எறிந்துவிட்டால், டர்போவிற்குச் செல்லும் புகையைத் திருப்பி விடும் கதவு காலந்தாழ்த்தே திறக்கும், சக்கரங்கள் மேலும் விரைந்து சுழலும், காற்றழுத்தம் உயரும், வண்டி முன்னிலும் மிகுந்த ஆற்றலுடன் பாயும். செலவு யாதும் இல்லை. சில நிமிட வேலையே. இளைஞர் பலர் இதனை முதற் காரியமாகச் செய்தனர் என்பதில் வியப்பில்லை.

ஈண்டேதான் கதை தொடங்குகின்றது. டர்போவில் புகை மோதும் சக்கரத்தை நிறுவனத்தார் உலோகத்தாற் செய்யாது, சுட்ட மண்பாண்டத்தின் இனமாகிய செராமிக் என்னும் பொருளாற் செய்திருந்தனர். உலோகத்தினும் அது நொய்தாதலால், ஓட்டுநர் மிதியை அழுத்தியதும் விரைவிற் சுழலத் தொடங்கும். குறித்த அழுத்தத்திற்கு அஃது ஏற்றதே. அழுத்தத்தை மிக உயர்த்தினாலோ, வெம்மையும் சுழற்சியும் மிகுந்து அச்சக்கரம் நொறுங்கிச் சிதறிவிடும். தடையை நீக்கியவர் பூட்டை மட்டும் நீக்கியதாக எண்ணினார். அப்பூட்டை நம்பியே வேறோர் உறுப்பு அமைக்கப்பட்டிருந்ததை அறிந்திலர்.

சரி, செராமிக் சக்கரத்தை மாற்றி உருக்குச் சக்கரம் பொருத்துவோம் எனின், அடுத்த உறுப்பு குரல் கொடுக்கும். காற்றை அமுக்குந்தோறும் அது சூடாகும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் குழாயைத் தொட்டுப் பார்த்தவர் இதனை அறிவர். சூடான காற்று செறிவு குறைந்தது. அன்றியும், உருளையினுள் உரிய நேரத்திற்கு மாறாக எரிபொருள் தானே வெடிக்குமாறு செய்வது. அவ்வெடிப்பு சம்மட்டி அடி போன்றது. பிஸ்டனையே துளைக்க வல்லது. எனவே அமுக்கிய காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் என்னும் பெரிய தகட்டடுக்கு வேண்டும். கூடுதலான பெட்ரோலைத் தெளிக்கும் குழல்கள் வேண்டும். எரியூட்டும் கணத்தைப் பின்னகர்த்தி வகுக்கும் கணிப்பொறியைத் திருத்தல் வேண்டும். அவ்வளவும் செய்து எஞ்சினை மேலும் விரைந்து சுழற்றினாலோ, ஆயில் பம்பு நிற்காது. முற்பட்ட எஞ்சின்களில் அப்பம்பின் சக்கரம் கிராங்க் தண்டோடு பொருந்தும் இடம் மிகக் குறுகியதாயிருந்தமையின், மிகு சுழற்சியின் அதிர்ச்சியில் அது வெடித்துவிடுதல் உண்டு. பிற்காலத்து எஞ்சின்களில் நிறுவனத்தாரே அவ்விடத்தை அகலமாக்கினர். ஆயில் நின்ற எஞ்சின் சில கணங்களில் அழியும் என்பதைக் கூற வேண்டுவதின்று.

இவ்வாறு ஓர் உறுப்பை வலிமைப்படுத்துந்தோறும், அதற்கு அடுத்து நலிந்து நிற்கும் உறுப்பு வெளிப்படுகின்றது. வண்டியைத் திருத்துவோர் அனைவரும் கற்கும் முதற் பாடம் இதுவேயாகும். வள்ளுவர் மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சைப் பற்றிக் கூறியதை அரசியலுக்குரிய உவமையாகவே வகுப்பிற் கற்றோம். அவர் வண்டியையும் நன்கு அறிந்தே கூறினார் என்பதை யான் இப்பொழுதே உணர்ந்தேன்.

இனி, உடலின் திருத்தத்தை நோக்குவாம். விரைந்து செல்லும் வண்டிக்குப் பெரும் பகை காற்றேயாகும். வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அவ்வெதிர்ப்பை வெல்ல வேண்டும் ஆற்றலோ எட்டு மடங்காகும். பின்புறத்தே உயர்ந்து நிற்கும் இறக்கை, விமானத்தின் சிறகைத் தலைகீழாகத் திருப்பியது போன்றது. விமானச் சிறகு உயர்த்தும். இது கீழ்நோக்கி அழுத்தி, டயர்கள் தரையை இறுகப் பற்றுமாறு செய்யும். ஆனால் அவ்வழுத்தமும் விலையின்றிக் கிடைப்பதன்று. காற்றின் எதிர்ப்பும் உடன் வளரும். மேலும், முன்புறத்தே யாதும் செய்யாது பின்புறத்தில் மட்டும் பேரிறக்கை பொருத்தினால், மிகு வேகத்தில் முன் சக்கரங்களின் பிடிப்பு ஒப்பளவிற் குறைந்து, வண்டி திருப்பிய பக்கம் திரும்ப மறுக்கும். நகரத் தெருவில் மெல்ல ஊரும் வண்டிக்கோ அவ்விறக்கை ஓர் அணிகலனே.

நல்ல உடல் திருத்தத்திற்கு எடுத்துக்காட்டு நிறுவனத்தாரே 1990-இல் வெளியிட்ட நிஸ்மோ என்னும் வகையிற் காணலாம். ‘குரூப் ஏ’ என்னும் பந்தய விதிப்படி, பந்தயத்தில் ஓடும் வண்டி கடையில் விற்கும் வண்டியை ஒத்திருத்தல் வேண்டும். புதிய உறுப்புகளைச் சேர்க்க விரும்பினால் அவற்றையுடைய வண்டிகள் 500-ஆவது செய்து தீரல் வேண்டும். அதற்கெனவே 560 வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றில் செராமிக் சக்கரத்திற்கு மாறாக உருக்குச் சக்கரம் அமைத்தனர். முன்புற பம்பரில் இரண்டு துளைகளைக் கூடுதலாகத் திறந்து இன்டர்கூலருக்குக் காற்று செல்ல வழி செய்தனர். பானெட்டின் விளிம்பிலும் பின்புறத்திலும் சிறு தடுப்புகளைச் சேர்த்துக் காற்றின் போக்கை ஒழுங்குபடுத்தினர். பின் கண்ணாடியைத் துடைக்கும் கருவியை நிறை குறைத்தற்பொருட்டு நீக்கினர். காண்போர் கண்ணுக்கு இம்மாற்றங்கள் பெரும்பாலும் புலப்படா. ஒவ்வொன்றிற்கும் காரணம் உண்டு. எஞ்சினின் திருத்தத்தோடு உடலின் திருத்தம் ஒத்து நிற்கின்றது. இத்தகைய வண்டிகள் ஜப்பானில் 1990 முதல் 1993 வரை அவ்விதிப்படி நடந்த 29 பந்தயங்களிலும் வென்றன.

ஆயினும், ஆற்றல், உடல், நான்கு சக்கரங்களையும் உந்தும் நுட்பம் என்னும் அனைத்தும் இறுதியில் எதன்மேல் நிற்கின்றன? உள்ளங்கை அகலமேயுள்ள நான்கு ரப்பர்த் துண்டுகளின்மேல். 1992-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் மலைப் பந்தயத்தில் இவ்வுண்மை ஊரறிய வெளிப்பட்டது. முந்தைய ஆண்டும் அங்கு வென்ற ஜிம் ரிச்சர்ட்ஸ், மார்க் ஸ்கைஃப் என்னும் இருவரின் ஸ்கைலைன் வண்டி அவ்வாண்டும் முன்னணியில் ஓடியது. மாலையில் மழை வலுத்தது. வண்டியிலோ நீரை வெளியேற்றும் வரிப்பள்ளமற்ற, வறண்ட தரைக்குரிய வழவழப்பான டயர்கள். ரிச்சர்ட்ஸ் ஓட்டிய வண்டி வழுக்கி மோதிச் சேதமுற்றது. சேதத்தோடு தொடர்கையில் மீண்டும் வழுக்கி, முன்னரே விபத்துற்று நின்ற வண்டிகளின் மேல் சென்று முட்டியது. பந்தயம் நிறுத்தப்பட்டது, முன் சுற்றின் நிலையைக் கணக்கிட்டு அவ்விருவருக்கே வெற்றி வழங்கப்பட்டது. உலகில் தலைசிறந்த ஓட்டுநருள் ஒருவர், பெரும்பொருட் செலவில் திருத்திய வண்டி, காவலுள்ள பந்தயப் பாதை. இவையெல்லாம் இருந்தும் டயர் பற்றாதவிடத்து யாதும் பயனின்றிப் போயிற்று. எனின், நள்ளிரவில் பொதுச் சாலையில், தன் கைத்திறனையே நம்பித் திருத்திய வண்டியை ஓட்டும் இளைஞனின் நிலை என்னாகும்? அவனோடு எதிரே வருவோரும் அச்சூதாட்டத்தில் தாம் அறியாமலே பங்கு பெறுகின்றனர் அன்றோ?

பிரேக்கின் நிலையும் இதுவே. ஏறத்தாழ 1430 கிலோகிராம் நிறையுள்ள அவ்வண்டியை 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்துங்கால் எழும் வெம்மை, 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்துங்கால் எழுவதைப் போல நான்கு மடங்கு. அவ்வெம்மையைப் பிரேக்குத் தட்டுகளே ஏற்க வேண்டும். 1993-இல் நிறுவனத்தாரே பெரிய பிரேக்குகளும் 17 அங்குலச் சக்கரங்களும் பொருந்திய வகையொன்றை வெளியிட்டதற்கு இவ்வகைக் கணக்கே பொருந்தும். ஆதலின் திருத்துவோன் பொருளைச் செலவிட வேண்டிய முறை யாதெனின், முதலில் டயர், அடுத்துப் பிரேக்கு, பின்னர் அதிர்வு தாங்கும் உறுப்புகள், இறுதியிலேயே எஞ்சின். வழக்கிலோ இம்முறை தலைகீழாக நடப்பதையே காண்கின்றோம். நிறுத்தும் வன்மை வாங்குவோர் கண்ணைக் கவர்வதில்லை. பாயும் வன்மையே கவர்கின்றது.

ஜப்பானிய அரசினர் இதனை முற்றும் தடுத்தாரல்லர். 1995-இல் திருத்தத்தைப் பற்றிய விதிகளைத் தளர்த்தினர். ஆனால் எல்லையையும் வரையறுத்தனர். வண்டியின் அடிப்பகுதி தரையினின்று 9 சென்டிமீட்டராவது உயர்ந்திருத்தல் வேண்டும். சக்கரம் மட்கார்டுக்கு வெளியே நீளலாகாது. உடலின் அகலம் பொதுவாக 2 சென்டிமீட்டருக்கு மேல் மாறின் மீண்டும் பதிவு செய்தல் வேண்டும். குறித்த காலந்தோறும் வண்டியைச் சோதனைக்குக் கொணர்தல் வேண்டும். சக்கரம் வெளியே நீண்டால் அது வாரியிறைக்கும் கல் பிறர்மேற் படும். உடல் மிகத் தாழ்ந்தால் மேடுபள்ளத்தில் அடியுறுப்புகள் அடிபடும். இவ்விதிகள் ஒவ்வொன்றும் ஒரு விபத்தை முன்னறிந்து வகுத்தது போலும்.

இன்று அவ்வண்டிகள் முதுமையுற்றன. 2017 முதல் நிறுவனத்தாரே அவற்றிற்குரிய பழைய உறுப்புகளை மீண்டும் செய்து விற்கின்றனர். ஒரு காலத்தில் வெட்டியும் ஒட்டியும் மாற்றிய வண்டிகளைப் பலர் பொருள் செலவிட்டுப் பழைய வடிவிற்கே கொண்டுவர முயல்கின்றனர். யாரும் தொடாத வண்டிக்கே மதிப்பு மிகுதி.

இவற்றையெல்லாம் எழுதி முடித்து நண்பரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, “திருத்துவதே தவறு என்று எழுதிவிட்டீரோ என அஞ்சினேன்” என்றார். அவ்வாறு யான் எழுதவில்லை. உள்ளதனினும் சிறந்ததை விழைதல் மனித இயல்பு. அவ்விழைவு இல்லையேல் முதல் வண்டியே தோன்றியிராது. ஒரு பொருளைத் திருத்தப் புகுவோன் அதை ஆக்கியோன் எதை எதற்காக வைத்தான் என்பதை முதலில் அறிதல் வேண்டும் என்பதே என் கருத்து. பயனற்றதாகத் தோன்றிய ஒரு சிறு தடையின் பின்னே ஒரு சக்கரத்தின் உயிர் இருந்தது. பொதுச் சாலையிலோ, மனிதரின் உயிரே இருக்கின்றது. நண்பர் சிறிது நேரம் சுவரிலிருந்த படத்தை நோக்கியிருந்து, “இவ்வண்டியின் பிரேக்கு எத்தகையது என்று யான் இதுவரை கேட்டதில்லை” என்றார்.