மூன்றாம் முறை விழுந்தவர்களுக்கு

ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, பாருங்கள், முகருங்கள், நாக்கில் வையுங்கள், உடனே கடித்துவிடாதீர்கள் என்பார்கள். முதல் வகுப்பு பெரும்பாலும் இப்படித்தான். எட்டு வாரம் நடக்கும் இந்தத் தியானப் பயிற்சியை 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கியவர் ஜான் கபாட்-ஜின். மூலக்கூறு உயிரியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஜென், விபஸ்ஸனா என்ற பௌத்தத் தியான முறைகளைப் பழகியவர். சிகிச்சைகளுக்குப் பின்னும் தீராத வலியோடு இருந்தவர்களை மருத்துவர்கள் அவரிடம் அனுப்பினார்கள். புத்தர் பெயரை அவர் முன்னால் வைக்கவில்லை. மன அழுத்தக் குறைப்பு என்றே பலகை மாட்டினார். சாமர்த்தியம்தான்!

ஆனால் அடியில் இருந்தது பாலி மொழிப் பௌத்த நூல்களின் பாடமே. உடலில் தைக்கும் வலி முதல் அம்பு. 'எனக்கு ஏன் இப்படி?' என்று மனம் தானே எய்துகொள்வது இரண்டாவது. முதலாவதைத் தடுக்க முடியாமல் போகலாம். இரண்டாவது வரும்போதே அதைப் பார்த்துவிடப் பழகலாம்.

இது மனச்சோர்வுக்கும் பொருந்துமா என்று 1990-களில் யோசித்தவர்கள் ஸிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல். மூவரும் அறிவாற்றல் சிகிச்சை மரபில் வளர்ந்த உளவியலாளர்கள். பலமுறை மனச்சோர்வில் விழுந்து எழுந்தவருக்கு ஒரு சாதாரண சோகம் போதும். 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற பழைய எண்ணச் சங்கிலி மொத்தமாக விழித்துக்கொள்ளும். அந்த எண்ணத்தோடு வாதாடாமல், 'இதோ ஓர் எண்ணம் வருகிறது' என்று கண்டு விட்டுவிடக் கற்றுக்கொடுத்தார்கள். முதலில் இதைக் கவனப் பயிற்சி என்ற அளவில்தான் நினைத்திருந்தார்கள். கபாட்-ஜின் குழுவினரோ, சொல்லிக்கொடுப்பவர் தாமும் தினமும் தியானத்தில் உட்காருபவராக இருக்க வேண்டும் என்றார்கள். தயங்கித் தயங்கித்தான் மூவரும் உட்கார்ந்தார்கள்.

2000-ல் வந்த முதல் ஆய்வில் 145 பேர். மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வுக்கு ஆளானவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 66 சதவீதம் பேருக்கு அது திரும்பியது; பயிற்சியும் பெற்றோரில் சுமார் 40 சதவீதம். இரண்டே முறை வந்தவர்களுக்குப் பலன் இல்லை. என்னைக் கேட்டால், இந்த 'இல்லை'தான் அந்த ஆய்விலேயே முக்கியமான வரி. சங்கிலி ஆழப் பதிந்தவருக்கான சிகிச்சை இது. எல்லோருக்குமான டானிக் அல்ல. 2015-ல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வும் அடக்கமாகவே பேசியது. இரண்டாண்டுகளில் பயிற்சி பெற்றவர்களில் 44 சதவீதம் பேருக்கும், மனச்சோர்வு மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. மாத்திரையை வெல்லவில்லை, அதற்கு ஈடாக நின்றது. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த இது அனுமதிச் சீட்டும் ஆகாது.

இதற்கிடையில் செயலிகள் வந்தன, கம்பெனிகளில் வகுப்புகள் வந்தன. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடமாக்கிப் பார்த்தார்கள். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது: வழக்கமான வகுப்புகளைவிடக் கூடுதல் பயன் எதுவுமில்லை. வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தொடவே இல்லையாம்.